மச்சான் வாங்கிய சின்ன கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் கல்யாண வீடியோ வந்து சேர்ந்தது. நான்கு மணி நேரப் படம், ஒரு பென் டிரைவில். டிவியில் சொருகிவிட்டு உட்கார்ந்தோம். நான், என் மனைவி, அவளுடைய தம்பி குமரன்.

குமரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். இரண்டு வருடம் முன்பு அது போயிற்று. வீடியோ தொழில் ஆரம்பிக்கப் போவதாக என்னிடம் யோசனை கேட்டு வந்தான். யோசனைதானே... எனக்குக் கசக்குமா?

"பெருசா இறங்காதடா. செகண்ட் ஹேண்ட்ல நல்லதா ஒரு சின்ன கேமரா, ரெண்டு லைட்டு, ஒரு ஸ்டாண்டு போதும். மைக்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. படம் கொஞ்சம் மங்குனா ஜனங்க பொறுத்துக்குவாங்க. பேச்சு கேக்கலன்னா விடமாட்டாங்க" என்றேன்.

எல்லாம் யூடியூபில் பார்த்த ஞானம்தான். அவன் பைக்கை விற்று, நான் சொன்னபடியே வாங்கினான். 'கருவி சின்னதாக இருந்தால் என்ன, கை சுத்தமாக இருந்தால் போதாதா?' என்று பத்திரிகையில் இதே வாரப் பத்தியில் எழுதினேனே, நினைவிருக்கிறதா? அது இவனை வைத்துத்தான்.

முதல் ஆர்டர் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா கேமராவை மேலும் கீழும் பார்த்தாராம்.

"இது போட்டோ கேமராதான தம்பி? வீடியோ கேமரா எங்க?"

"இதுலயே எடுக்கலாம் சார். கிளாரிட்டி ஜாஸ்தி."

"என்னமோ போ... பொம்மையாட்டம் இருக்குது."

படம் அருமையாக வந்தது. ஆனால் அடுத்த ஆர்டர் வரவில்லை. மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேமரா தெரிய வேண்டும் நம் ஆட்களுக்கு. அப்போதுதான் கல்யாணம் நடந்த மாதிரி!

குமரன் மங்கலம்பேட்டைக்குப் போனான். மூடிப்போன ஒரு ஸ்டூடியோவில், கேசட் போட்டு எடுக்கும் பழைய பெரிய கேமரா ஒன்று செத்துக் கிடந்தது. அதை வாங்கி வந்து, ஒரு சிவப்பு பல்பை ஒட்டி, மேடை ஓரத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். அதன் பின்னால் அவன் மனைவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கூட்டத்துக்குள் நின்று இவன் சின்ன கேமராவில் எடுப்பான். "பொண கேமரா" என்று பெயர் வைத்திருந்தான். கல்யாண வீட்டில் சத்தமாகச் சொல்ல மாட்டான்... அவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆர்டர் வந்தது.

இந்த நேரத்தில்தான் என் மகளுக்குச் சிதம்பரத்தில் சம்பந்தம் முடிவானது. குமரன் ஓடி வந்தான்.

"மாமா, பாப்பா கல்யாணத்த நான்தான எடுக்கறேன்? அவுங்க சொந்தம் பூரா சிதம்பரம். நாலு பேரு என் வேலைய பாத்தா போதும், மேல வந்துருவேன்."

"நீ தாய்மாமன்டா. மேடையில நிக்க வேண்டியவன் கேமராவ தூக்கிகிட்டு அலையறதா?" என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதான மாமா!" என்றான்.

நான் சொன்னது பச்சைப் பொய். புதுச்சேரி டீம் ஒன்றுக்கு முந்தின வாரமே அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். கிரேன், ட்ரோன், கோட் போட்ட ஆட்கள். கை சுத்தமாக இருந்தால் போதும் என்று எழுதிய அதே ஆசாமிதான்!

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டிவியில் ட்ரோன் மண்டபத்தைச் சுற்றி இறங்கியது. மேடை ஓரத்தில் ஒரு பெரிய கேமரா. குமரன் துள்ளி எழுந்தான்.

"நிறுத்துங்க மாமா! கேசட் போடற மூடி தொறந்து கெடக்குது பாருங்க. இதுவும் பொண கேமரா! கீழ ஒருத்தரு எடுக்கறாரே, அது என்கிட்ட இருக்கற அதே சின்ன கேமரா!"

விழுந்து விழுந்து சிரித்தான். அக்காளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்து, தாய்மாமன் மாலை போடும் காட்சி. குமரன் முகம் டிவி முழுக்க. தாரை வார்க்கும்போது நான் சொல்வது கேட்க வேண்டும் என்று காலையிலேயே என் சட்டையில் மைக்கைக் குத்தியிருந்தார்கள். நான் மறந்தே போனேன்.

பக்கத்தில் நின்ற சம்பந்தியின் குரல் கேட்டது. "உங்க மச்சானுக்கு இதான தொழிலு? அவருகிட்டயே குடுத்திருக்கலாமே?"

பிறகு என் குரல். "அட, நீங்க வேற... அவன்கிட்ட ஒரு சின்ன கேமராதாங்க இருக்குது. அத வச்சிகிட்டு நம்ம ஃபங்ஷன்ல நின்னா நமக்கு மரியாதையா இருக்குமா?"

மனைவி ரிமோட்டைத் தேடினாள். டிவியில் குமரன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், பாப்பா தலையில் கை வைத்தபடி.

அவன் காபி டம்ளரைக் கொண்டுபோய் சமையலறையில் வைத்தான். வாசலில் செருப்பை மாட்டினான். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்.

"மைக்கு நல்ல மைக்கு மாமா. நீங்க சொல்லி நான் வாங்குன அதேதான். ஒரு வார்த்தகூட விட்டுப்போகல."