டிஎஸ்டி என்று முடிந்த கோப்பு

பள்ளி அலுவலகத்தில் அவளுக்கு 'சீல் மேடம்' என்று பட்டப்பெயர். எந்தத் தாளைக் கண்டாலும் ஒரு முத்திரை குத்தாமல் விடமாட்டாள். கம்ப்யூட்டரிலும் தான் கில்லாடி என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புக்கு ஆறு வருடமாக ஒரே ஒரு கோப்பு தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

எம்பிராய்டரி கடையில் டிசைன் போட்டுக்கொண்டிருந்த அக்கா வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று, "அம்மாவ என் தலையில கட்டிட்டுப் போற. இனிமே போன் கீன் பண்ணாத" என்று இவள் கத்தினாள். அக்கா ஒரு பென் டிரைவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். போனவள் போனே பண்ணவில்லை. அம்மா கேட்டால், அவளே பண்ணட்டும் என்பாள் இவள். ஆனால் வாசலில் ஆட்டோ நின்றால் முதலில் எட்டிப் பார்ப்பவளும் இவள்தான். அத்தனை ஏக்கம், அதைவிட ஒரு பிடி கூடுதலாக வீம்பு.

பென் டிரைவில் இருந்தது ஒரே கோப்பு. பெயருக்குப் பின்னால் புள்ளி, டிஎஸ்டி. திறக்கப் போனால், எதில் திறப்பது என்று கம்ப்யூட்டர் இவளையே கேட்டது. கடிதமாகத்தான் இருக்கும் என்று அந்த டிஎஸ்டி வாலை 'டாக்' என்று மாற்றினாள். பக்கம் பக்கமாகக் கிறுக்கல். படமோ என்று 'ஜேபிஜி' ஆக்கினாள், திறக்கவே இல்லை. உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் இனித்துவிடுமா?

போன வாரம் சீருடை பேட்ஜுக்காக ஓர் எம்பிராய்டரி கடைக்குப் போனபோது, மெஷின்காரரின் திரையில் அதே மூன்று எழுத்தைப் பார்த்தாள். மறுநாளே பென் டிரைவோடு போய் நின்றாள். அவர் பழைய வாலையே மறுபடி போட்டுத் திறந்தார். ஒரு ஜன்னல். கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு கவுன்கள், வெளியே தொங்கும் நான்கு சின்னக் கால்கள். சின்ன வயதில் அக்காவும் தங்கையும் தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

உடனே தைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

"இந்த ஃபைல்ல தையல் மட்டும்தாங்க இருக்கும்" என்றார் அவர். "எங்க நூல் மாத்தணும்னு சொல்லும், என்ன கலர்னு சொல்லாது. போட்டவங்களத்தான் கேக்கணும்."

கடைக்கு வெளியே வந்து நின்று அக்காவை போனில் அழைத்தாள். சௌக்கியமா என்றெல்லாம் விசாரிக்கவில்லை.

"அந்த ஜன்னலுக்கு என்ன நூல்?"

எந்த ஜன்னல் என்று அக்கா கேட்கவில்லை.

"கம்பிக்குப் பச்சை. உன் கவுன் மஞ்சள், என்னுது ஊதா. எழுதிக்கிறியா?"

"ம்" என்றாள். கையில் பேனாவே இல்லை. அக்கா ஏழு நிறங்களைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.

"மறுபடி மொதல்லேருந்து சொல்லுக்கா."