நான் கட்டிய கைகள்

இதை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இந்திய அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பிய மறு வருடம் என் கணவருக்குக் கைநடுக்கம் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். பகலில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாத அந்தக் கை, தூக்கத்தில் மட்டும் இரும்பாகிவிடும். கத்துவார், உதைப்பார், என் தோளைப் பிடித்து இழுப்பார். சண்டைக்காலத்துப் பயம் என்றே நினைத்தேன். தோள் கன்றிப்போன ஒரு நாள், வலைக்கயிற்றால் அவருடைய மணிக்கட்டுகளைக் கட்டிலோடு கட்டினேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து படுக்கும்போது கைகளைத் தானே நீட்டினார்.

கிளினிக்கில் டொக்டர் கயிற்றுத் தழும்பைக் கண்டுவிட்டார். இரவில் நடப்பதை என் கணவரிடம் கேட்டறிந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது இந்த நடுக்க வருத்தத்தோட வாறதுதான் அம்மா. கனவிலை செய்யிறதை உடம்பும் செய்யும். மருந்து தாறன், கட்டாதேங்கோ." பிறகு அவரிடம் திரும்பி, "என்ன கனவு காணுறனீங்கள் ஐயா?" என்று கேட்டார்.

நான் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

"பிள்ளை வள்ளத்திலை இருந்து தண்ணிக்குள்ளை விழுந்திட்டாள். பிடிச்சு இழுக்கிறன்," என்றார். அகதியாகப் போகும்போது நாங்கள் கடலில் பறிகொடுத்த மகள். "முந்தி ஒவ்வொரு நாளும் பிடிச்சிடுவன் டொக்டர். இப்ப கொஞ்ச நாளாக் கை எட்டுதில்லை."

அன்றே கயிற்றை எரித்தேன். மருந்தால் உதை குறைந்திருக்கிறது. ஆனாலும் சில இரவுகளில் அந்தக் கை தேடி வந்து என் தோளைப் பற்றும். நான் விலகுவதில்லை. உடம்பை இலேசாக்கி, அவர் இழுக்கும் பக்கமே போய்விடுகிறேன்.