கோணல் கல்

பிச்சாட்டூர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பச்சைக்கல் செய்யக் கற்றுக்கொடுக்கப் போயிருந்தேன். சூளையில் சுடாத, வெயிலில் மட்டும் காய்கிற கல். அதை வைத்து வேப்பமரத்தடியில் மீன் வடிவத்தில் ஊருக்கு ஓர் இருக்கை கட்டுவதாக ஏற்பாடு. போன ஊரில் ஆமை, அதற்கு முன் யானை. முட்டி வலித்தது. ஏரிக்களிமண் என்னைவிடப் பிடிவாதமாக இருந்தது.

பிள்ளைகளின் கற்கள் அச்சைவிட்டு இறங்கும்போதே இடுப்பொடிந்தன. ஒருத்தி மட்டும் அச்சுக்குள் மணலை ஒரு வீசு, மண்ணைத் தூக்கி ஓர் அறை, கையால் ஒரு வழி, பார்க்காமலே கவிழ்த்தாள். நூல் பிடித்த வரிசை. களைப்பில் யோசிக்காமல் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இவளப் பாருங்க. எங்கேம்மா கத்துக்கின?"

"யூட்யூபுல சார்."

"இன்னாமே, எங்க வூட்லயும் யூட்யூப் கீது, கல்லு வரலியே!" என்றான் பின்னால் ஒருவன். சிரிப்பு. அவள் கைகளை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அச்சுகளைக் கழுவ நின்றவள், தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா நைனாகூட மூணு வருசம் சூளையில கல்லு அறுத்துக்கினு இருந்தேன் சார். அத்தை வூட்ல படிச்சேன்னுதான் இங்க சொல்லிக்கீறேன். தெரிஞ்சா சூளைன்னே பேரு வெச்சிடுவானுங்க."

அவள் கழுவிய அச்சுகளை வாங்கி அடுக்கினேன்.

மறுநாள் அவள் கல்லெல்லாம் கோணல். ஒன்றுக்கு மூலை இல்லை. ஒன்றுக்கு வயிறு தள்ளியிருந்தது. தன்பாட்டுக்கு நேராகப் போன கையை, உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத் திருப்பினாள்.

"இன்னாமே, நெட்டு தீந்துபூச்சா?" அதே பையன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒரு கல்லா?" என்று சத்தம் போட்டேன். "நேத்து வந்தது குருட்டு யோகம். மொதல்லேர்ந்து பண்ணு, போ."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான். "சிக்னல் இல்ல சார்," என்றாள்.

அன்று இன்னும் இரண்டு முறை திட்டினேன். கற்கள் காய்ந்ததும், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, அவள் முதல் நாள் அறுத்த நேர்க்கற்களை மீனின் அடிவரிசையில் மண்டியிட்டு வைத்தேன். மேலே மண் பூசி மூடினேன். எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று.