போயாவுக்கு லீவு எடுத்த காய்ச்சல்

என் புருஷன் கிஷாந்துக்குத் தன் தொழிலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பிடிக்காது. கொழும்பு கொச்சிக்கடையில், துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கம், சின்னதாக ஒரு வெல்டிங் கடை வைத்திருக்கிறார். யன்னல் கிரில், கேற், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். கை சுத்தம், வாய்தான் பிடிவாதம். பதினொரு வருஷமாக மல்லுக்கட்டியதில் நான் ஒரே ஒரு தடவைதான் வென்றேன்.

போன வருஷம் ஒரு மாடிக் கட்டடத்துக்குக் கைப்பிடி செய்யும் வேலை வந்தது. முழுக்க ஜி.ஐ. பைப், துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய குழாய். அதிலிருந்துதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு திங்களும் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார், ஏழு மணிக்கெல்லாம் பல் கிட்டும். இரண்டு போர்வை போட்டாலும் போதாது, இருமலும் வரும். குடிக்கிற தண்ணீர் இனிக்கிறது என்பார். செவ்வாய் காலையில் ஒன்றும் நடக்காதது மாதிரி எழும்பிக் கடைக்குப் போய்விடுவார். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு என்றுதானே பயப்படுவோம். இரண்டு தரம் இரத்தம் சோதித்தோம், ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு மனுஷன் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவருடைய சித்தப்பா காசநோயில் செத்தவர். அவருக்கும் பின்னேரக் குளிரும் இருமலுமாகத்தான் தொடங்கியதாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் தன் கோப்பையின் பிடியில் சிவப்பு வயர் ஒன்றைச் சுற்றித் தனியாக வைத்தார். படுக்கையை ஹோலுக்கு மாற்றினார். எங்கள் மகள் தனுஷியாவுக்கு ஏழு வயது. அப்பா குடித்த தேத்தண்ணியின் கடைசி மிடறு எப்போதும் அவளுக்குத்தான். அவளைக் கையை நீட்டித் தூரத்திலேயே நிறுத்தினார். "அப்பாக்கு என்னில கோவமா அம்மா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"ஒரு எக்ஸ்ரே எடுப்பம்" என்றேன்.

"அதுதான் எண்டு தெரிஞ்சா மட்டும் என்ன செய்யிறது?" என்றார்.

"இது உங்கட பைப்புப் புகைதான். வேற ஒண்டுமில்லை."

"புகையெண்டா செவ்வாய், புதனும் காய்ச்சல் காயவேணுமே. அண்டைக்கும் அதே பைப்பைத்தானே ஒட்டுறன். அதுவும் பால் குடிச்சிட்டுத்தான் ஒட்டுறன். நீர் சும்மா இரும்."

அந்தப் பக்கத்து வெல்டிங்காரர் எல்லோருக்கும் இது வழக்கம். ஜி.ஐ. பைப்பை ஒட்டுவதற்கு முன் ஒரு பால் பக்கெற்றை உடைத்துக் குடித்துவிட்டால் புகை ஒன்றும் செய்யாது என்று நினைப்பு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது என்று நான் கத்தினேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கணக்கு மட்டும் எனக்கும் இடித்தது.

பிறகு ஒரு மாதம் பௌர்ணமி விடுமுறையான போயா திங்களில் வந்தது. கடை பூட்டு. அன்றைக்குக் காய்ச்சலைக் காணோம். அடுத்த நாள் செவ்வாய், பின்னேரம் வழக்கம்போல நடுங்கிக்கொண்டு வந்து நின்றார். போர்வையை எடுத்த கையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, கிருமிக்குப் போயா லீவு தெரியுமே? உங்கட கடைக்குத்தான் தெரியும். கடை பூட்டினா வராது, திறந்த முதல் நாள் வருது."

அவர் போர்வைக்குள் இருந்து தலையை நீட்டி, "அதுவும் சரிதான்" என்றார். பதினொரு வருஷத்தில் அது முதல் தடவை.

வியாழக்கிழமை கொட்டாஞ்சேனையில் டொக்டர் ஷஹீமாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். முழுவதையும் கேட்டவர், "ஜி.ஐ. பைப்பா ஒட்டுறீங்க? வெள்ளப் பஞ்சு மாதிரிப் பறக்குமே?" என்றார். பைப்பில் உள்ள துத்தநாகம் சூட்டில் எரிந்து சிங்க் ஒக்சைட் புகையாகிறதாம். அதைச் சுவாசித்தால் சில மணித்தியாலத்தில் காய்ச்சல். தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும், ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், திங்கள் திரும்பத் தொடங்கும். எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு சுத்தமாக இருந்தது.

"காசநோய் இல்ல. ஆனா இப்படியே விடவும் ஏலாது, நெஞ்சுக்குக் கூடாது. பால் விருப்பமெண்டா குடிங்க, புகைக்கு அது மருந்தில்ல" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் வேலை செய்வது பார்மசியில். குழந்தைகளுக்கு நப்பி உரசிச் சிவந்தால் பூசும் வெள்ளைக் கிரீம், வேர்க்குருவுக்கு ரோஸ் நிறத் தண்ணி மருந்து, வெயிலுக்குப் பூசும் கிரீம் சிலது, எல்லாவற்றிலும் இந்தச் சிங்க் ஒக்சைட்தான். தோலுக்கு மேல் இருந்தால் காவல். புகையாக உள்ளே போனால் காய்ச்சல். அவருடைய சேட்டில் ஒட்டிய அந்தப் பஞ்சை எத்தனை மாதம் தோய்த்திருப்பேன். அவரும் தலையைச் சொறிந்தார். ஒட்டின இடத்தில் இதே தூள் சூட்டில் மஞ்சளாக இருந்து ஆறியதும் வெள்ளையாவதை நாள்தோறும் பார்த்தவர், வெறும் தூசி என்று ஊதிவிட்டிருக்கிறார்.

அடுத்த திங்கள் மேசையைக் கடை வாசலுக்கு இழுத்துப் போட்டார். ஒட்டும் இடத்துப் பூச்சைக் கிரைண்டரால் உரசி எடுத்துவிட்டு, புகைக்கென்றே விற்கும் மாஸ்க்கைப் போட்டு, புகையை வெளியே தள்ள ஃபேனையும் வைத்து ஒட்டினாராம். ஆறு மணிக்கு வந்தார். நெற்றியில் கை வைத்தேன், வியர்வை மட்டும்தான். ஏழு மணியானது. எட்டு மணியும் ஆனது. போர்வை மடித்தபடியே கிடந்தது.

தேத்தண்ணி ஊற்றினேன், பழக்கத்தில் அந்தச் சிவப்பு வயர்க் கோப்பையிலேயே. அவர் கம்பி வெட்டும் குறட்டை எடுத்து வயரை வெட்டி எறிந்தார். முக்கால்வாசி குடித்துவிட்டு, "தனு" என்று கூப்பிட்டார். அவள் வந்து, பழக்கியபடி எட்டத்திலேயே நின்றாள்.

"கிட்ட வாங்கோ குஞ்சு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, மிச்சத்தைக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"சீனி காணாது அப்பா" என்றாள்.