உப்பு குறைந்த மூன்று மாதங்கள்

என் கணவரின் சட்டைத் தோளில் கிரீஸ் படிந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் ஓசூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் பதினாறு வருடங்களாகக் கிரேன் ஓட்டுகிறார். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் நகரும் கிரேன் அது. காலையில் ஏணி ஏறிக் கூண்டில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். வியர்வையில் நனைந்து வருவாரே தவிர, அவர் சட்டையில் கிரீஸ் வந்ததே இல்லை.

"ஏங்க, இது என்ன தோள்ல?" என்றேன்.

அவர் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே, "கீழ வேலை. கிரேன் கொக்கில சங்கிலி மாட்டி விடறேன்" என்றார். சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்துவிட்டு, "ரெண்டு நாளா" என்றார்.

வருடாந்திரப் பரிசோதனையில் தொழிற்சாலை மருத்துவர் இவருடைய ரத்த அழுத்தத்தை மூன்று முறை விட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று முறையும் அதிகம். மூன்று மாதம் உப்பைக் குறை, நட, எடையைக் குறை. அப்புறமும் இறங்காவிட்டால் மாத்திரை. அதுவரை கிரேன் ஏற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனை பேர் தலைக்கு மேல் இரும்பைத் தூக்குகிறவருக்கு மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று என் கணவருக்கும் தெரியும். அதனால் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"கீழ நின்னு பார்த்தா அந்தக் கூண்டு ரொம்ப சின்னதா தெரியுது" என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றி அவர் பேசியது.

நான் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளியிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் உள்ளே அனுப்புவதும் இல்லாவிட்டால் சிவப்பு அட்டை கட்டுவதும் என் வேலை. பெட்டியின் மேல் அனுப்பியவர் என்ன எழுதியிருந்தாலும் நான் நம்புவதில்லை. ஆனால் வீட்டுக்கு மளிகை வாங்கும்போது ஒரு பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்து, கை போன போக்கில் எடுத்துக் கூடையில் போடுவேன். தயார் சாம்பார் பொடி, அப்பளம், ஊறுகாய், நூடுல்ஸ், மிக்சர், மகளுக்கு மசாலா சிப்ஸ். ஒரு கிலோ உப்பு எங்கள் மூன்று பேருக்கு ஒரு மாதம்கூட வராது. கூடையை நிரப்பியது நான்தானே என்று அன்று தோன்றியது. தோன்றியதும் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று கடைக்குப் போனேன். பயத்தில் போகிறவள் எப்படி வாங்குவாளோ அப்படித்தான் வாங்கினேன். பச்சை நிற உறை எதில் இருந்ததோ அதெல்லாம் கூடைக்குள் போயிற்று. இதயப் படம் போட்ட மசாலா ஓட்ஸ், கேழ்வரகு பிஸ்கட், எண்ணெயில் பொரிக்காத சிப்ஸ், பல தானிய ரொட்டி. உப்பு அடுக்கின் பக்கம் போனபோது கடைப் பெண், "சோடியம் கம்மி உப்பு இருக்கு அக்கா, பிரஷர்காரங்க வாங்கறாங்க" என்றாள். அதையும் எடுத்துக்கொண்டேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய நூடுல்ஸ் காணாமல் போன கோபம் அவளுக்கு இருந்தது. அலமாரியில் தேடி, கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டையும் நான் வாங்கி வந்த ஓட்ஸ் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். இரண்டையும் திருப்பி மேடையில் வைத்தாள்.

"அம்மா, இதுல சோடியம் எவ்வளவு போட்டிருக்கு, படி."

படித்தேன்.

"இப்ப இத படி."

படித்தேன். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

"அப்புறம் எதுக்கு என்னோடத மட்டும் தூக்கிப் போட்ட?"

கேழ்வரகு பிஸ்கட்டையும் திருப்பினேன். சேர்த்திருக்கும் பொருள்களில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில். கேழ்வரகு எங்கேயோ வால் பக்கத்தில் கிடந்தது. எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு பெட்டி வந்திருந்தால் அரை நிமிடத்தில் சிவப்பு அட்டை கட்டியிருப்பேன். எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மகள் மட்டும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளும் என்னோடு கடைக்கு வர ஆரம்பித்தாள். கண்ணாடி போடாமல் பொடி எழுத்துப் படிக்க வீட்டில் அவளால்தான் முடியும்.

அந்த உப்பை மட்டும் பிரிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. கணவர் கேட்டு வந்தார். அதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தம் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம், சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள் என்றாராம். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு கடையில் எங்களுக்கு நேரம் பிடித்தது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மகள் படிப்பாள், நான் மனதுக்குள் ஒப்பிடுவேன், பாதிக்கு மேல் திரும்ப அடுக்குக்கே போகும். போகப் போக வாங்கும் பட்டியலே சின்னதாகிவிட்டது. பின்பக்கம் எதுவும் எழுத வேண்டியிராத சாமான்களாக வாங்கினேன். பருப்பு, வறுக்காத வேர்க்கடலை, கொண்டைக்கடலை, கேழ்வரகு. மல்லியும் மிளகாயும் வாங்கி அரைத்து, உப்புச் சேராத பொடி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போனோம். ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி வண்டி வண்டியாக இறங்கும் நேரம். அங்கே கீரை விற்கும் அம்மா பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். முதல் நாள் நான் ஒரு கட்டை எடுத்துப் பார்த்துத் தயங்கியபோது, "ஹரிவே சொப்பு அம்மா, உங்க தண்டுக்கீரைதான். இன்னைக்கு விடிகாலைல அறுத்தது. மண்ணு இருக்கும், நல்லா கழுவு" என்றார். தன் சரக்கில் என்ன குறை இருக்கிறது என்று ஒருவர் தாமாகவே சொன்னதைக் கேட்டதும் மூன்று கட்டு வாங்கினேன். கணவர் காய்ப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தே வந்தார்.

முதல் இரண்டு வாரம் சாப்பாடு சப்பென்று இருந்தது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மகள் சாம்பாரைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். எலுமிச்சையும் மிளகும் பூண்டும் கூடச் சேர்த்துப் பார்த்தேன். மூன்றாவது வாரத்தில் என் கம்பெனி கேன்டீன் பொரியல் எனக்கே கரித்தது. நாக்கு மாறியிருந்தது.

அப்படியும் ஒரு மாதம் கழித்துப் பக்கத்து மருந்துக் கடையில் பார்த்தபோது அழுத்தம் அப்படியே இருந்தது. இரண்டு புள்ளிகூட இறங்கவில்லை. கடைக்காரர் எண்ணைச் சொன்னதும் கணவர் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். வெளியே எதையாவது தின்கிறாரோ என்று எனக்குள் ஒரு கோபம்கூட வந்தது. பதினாறு வருடம் கூரையடிக் கூண்டில் கவனம் தவறாமல் உட்கார்ந்த மனிதரை அப்படி நினைத்ததற்கு அப்புறம் வெட்கப்பட்டேன்.

மறுநாள் இரவுச் சாப்பாடு. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். கடைசியில் மோர் சோறு. வழக்கம்போல அவர் தட்டில் நான்கு மோர் மிளகாயும் இரண்டு கொத்தவரங்காய் வத்தலும் வறுத்து வைத்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவிலும் அதுதான் போகும். அவர் ஒன்றைக் கடித்துவிட்டு நிறுத்தினார்.

"இதுல இருக்கறது உப்பு இல்லையா?" என்றார்.

"இது அம்மா அனுப்புனதுங்க. வீட்டுல செஞ்சது" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

என் அம்மா விருதுநகர் பக்கம் இருக்கிறார். மாதம் ஒருமுறை பஸ் பார்சலில் மோர் மிளகாய், வத்தல், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் வரும். கடைச் சாமான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் படித்தவள், இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. வீட்டில் செய்தது என்றால் நல்லது என்று முடிவு கட்டியிருந்தேன். மோர் மிளகாய்க்கு எத்தனை கைப்பிடி உப்புப் போடுவார் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போனில் சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அப்ப நான் அனுப்புனதெல்லாம் அவருக்கு வெசமாத்தா?" என்றார் அம்மா.

"அப்படி இல்லம்மா. அவருக்குக் கொஞ்ச நாளைக்கு ஆகாது."

"உப்புப் போடாம வத்தல் எப்படித்தா நிக்கும்? புழுப் புடிச்சுப் போயிருமே."

"வத்தல் வேண்டாம்மா. வேற எதாச்சும் அனுப்புங்க."

அம்மா வைத்துவிட்டார். பத்து நாள் அவரிடமிருந்து போன் இல்லை. நான் செய்தாலும் அப்பாதான் எடுத்தார். பதினோராவது நாள் பார்சல் வந்தது. நிழலில் காயவைத்த முருங்கைக்கீரை, வறுத்து உடைத்த எள், ஒரு டப்பா பருப்புப் பொடி. பொடி டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம்: 'உப்பு போடலை. மாப்பிள்ளைக்கு எவ்வளவு வேணுமோ நீ பார்த்துப் போடு.' அதைப் படித்துவிட்டுப் போன் செய்தபோது அம்மாவே எடுத்தார். வழக்கம்போல மழை வந்ததா என்று கேட்டார்.

வத்தல் நின்ற பிறகு வந்த வாரங்களில் எண் மெல்ல இறங்க ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை பார்த்தோம். ஒரு வாரம் இறங்கும், ஒரு வாரம் லேசாக ஏறும், மறுபடி இறங்கும். நடையினாலா, எடை நான்கு கிலோ குறைந்ததாலா, உப்பினாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்துதான் இருக்கும்.

மறுபரிசோதனை ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு அன்று அரை நாள் வேலை. மேஜையில் புஷ் என்கிற சின்ன உலோக வளையங்கள் நான்கு பெட்டி இருந்தன. ஒரே புஷ்ஷை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் என்ன அளவு வந்தது என்று மறந்து போயிற்று. பக்கத்து மேஜைத் தோழி, "போய் முகத்தக் கழுவிட்டு வா" என்று என் கையிலிருந்து அளவுக் கருவியை வாங்கி வைத்தாள்.

முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது.

"பார்த்துட்டாரு" என்றார் கணவர்.

"என்னங்க ஆச்சு?"

"ரெண்டு தடவ பார்த்தாரு. பரவால்லன்னு சொல்லிட்டாரு. மாத்திரை இப்ப வேணாமாம். இதையே விடாம செய்யணும், மாசாமாசம் வந்து காட்டணும்னாரு."

"கிரேன்?"

"கையெழுத்துப் போட்டுட்டாரு. போன வெச்சிட்டு ஏறணும். போனோட ஏற விடமாட்டாங்க."

அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. பின்னால் சைரன் சத்தம் கேட்டது. "சரிம்மா" என்று சொல்லி வைத்தார்.

நான் குழாயைத் திறந்துவிட்டு இன்னொரு முறை முகம் கழுவினேன். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். அவள் குதித்துக்கொண்டு போய்ப் பாட்டிக்குப் போன் போட்டாள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் சாய்ந்தவள் தூங்கிப் போனேன். மூன்று மாதத்தில் பகலில் தூங்கியது அதுதான் முதல் தடவை. கண் விழித்தபோது மணி ஐந்தாகியிருந்தது. அடுப்படியில் குக்கர் விசில் சத்தம் கேட்டது. கணவர் வந்து கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தார்.