மூலைப் பெட்டியில் பட்ஜெட்

என் மனைவி டிவியில் வருகிறாள் என்றால் யாரும் நம்புவதில்லை. வருவது உண்மைதான், திரையின் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள். ஒருவர் பேசப் பேச, காது கேளாதவர்களுக்கு அதைச் சைகையில் சொல்வது அவள் வேலை. "மூலை மகாராணி" என்று கிண்டல் செய்வேன். "மகாராணிக்கு ஒரு டீ போட்டுக் குடுங்க" என்பாள்.

அவளுடைய அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இவள் பேச்சு வருவதற்கு முன்பே கையை ஆட்டப் பழகிவிட்டாள். தபால்காரர் முதல் டாக்டர் வரை யார் என்ன சொன்னாலும் அக்காவிடம் கொண்டு சேர்ப்பது இவள்தான். பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது.

அக்கா தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கும் தையல்கூடம் நடத்தி வந்தார். தொற்றுநோயில் பள்ளிகளை மூடியதும் மெஷின்கள் மேல் உறை ஏறியது. அதைவிடக் கொடுமை முகக்கவசம். வாயசைவைப் பார்த்தே கடைத்தெருவில் சமாளித்த பெண்கள், ஊரே வாயை மூடிக்கொண்டதும் திகைத்துப்போனார்கள். நோய் ஒருவழியாக அடங்கியும் தையல்கூடம் தலைதூக்கவில்லை. பட்ஜெட்டில் சிறு பட்டறைகளுக்குச் சம்பள உதவி வந்தால் திறப்பது, வராவிட்டால் மெஷின்களை விற்றுவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார்.

பட்ஜெட் அன்று, நான் வேலை பார்க்கும் டிவி கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய டிவியை இரவல் வாங்கி வந்து தையல்கூடத்துச் சுவரில் மாட்டினேன். அக்காவும் அந்தப் பெண்களும் அதன் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். டிவி பெரிதானால் மூலையும் பெரிதாகும் அல்லவா? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்வதை நான் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

பட்ஜெட் உரையை முன்கூட்டி யாருக்கும் தரமாட்டார்கள். நிதியமைச்சர் வாயைத் திறந்த பிறகுதான் அவளுக்கும் தெரியும். முதலில் ஆஸ்பத்திரிகள் என்றார். படுக்கை, ஆக்சிஜன், செவிலியர் எல்லாம் அவள் விரல்களில் வந்து போயின. அடுத்து பள்ளிகள். படுத்துக் கிடந்த ஒரு நாடு எழுந்து நிற்கப் பார்ப்பதை அந்த இரண்டு கைகள் சொல்லிக்கொண்டிருந்தன. வீட்டில் சாவியைத் தேடி என் சட்டைப்பையைத் துழாவும் அதே கைகள்!

"அடுத்ததாக, தொழில்கள்" என்று அமைச்சர் ஆரம்பித்ததும் சபையில் பாதிப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சத்தத்தைக் கூட்டினேன், கூச்சல்தான் கூடியது. அமைச்சரோ நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார்.

என் மனைவியின் கைகளும் நிற்கவில்லை.

அவள் காதிலும் இதே இரைச்சல்தானே விழும்? பிறகுதான் உறைத்தது. அவள் அமைச்சரின் உதட்டைப் படிக்கிறாள், அக்காவோடு வளர்ந்ததில் வந்த பழக்கம். 'கேட்கவில்லை' என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அக்கா பார்க்கிறார் என்று தெரிந்தே துணிந்துவிட்டாள்.

தையல்கூடத்தில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். அந்த அறையில் காது கேட்கிறவன் நான் ஒருவன்தான். விஷயம் தெரியாதவனும் நான் ஒருவன்தான். அக்காவின் தோளைத் தொட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் "என்ன?" என்று கேட்டேன். குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகக் காட்டினார்: சின்னப் பட்டறை. பாதிச் சம்பளம். ஆறு மாதம். அரசாங்கம் தரும்.

இவள் தப்பாகப் படித்திருந்தால்?

சபாநாயகர் எப்படியோ எல்லாரையும் உட்கார வைத்தார். "இப்போது வாசித்தது யாருக்கும் கேட்டிருக்காது, மறுபடி வாசிக்கிறேன்" என்றார் அமைச்சர். வாசித்தார். சின்னப் பட்டறை, பாதிச் சம்பளம், ஆறு மாதம். எதுவும் பிசகவில்லை. காது கேட்கிற ஜனங்களுக்கு அப்போதுதான் செய்தி போய்ச் சேர்ந்தது. அதற்குள் இங்கே பாதி மெஷின்களுக்கு உறை கழற்றியாகிவிட்டது.

சாயங்காலம் அவள் நேராகத் தையல்கூடத்துக்கு வந்தாள்.

"தப்பாப் போயிருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்றேன்.

"நல்லவேளை, மனுஷன் மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசினாரு" என்று சிரித்தாள்.

அக்கா வந்து அவளுடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கைகளைப் பிடித்துக்கொண்டால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள முடியாது. அக்கா விடவே இல்லை.