மூன்றாம் லைனின் கடைசி ரேடியோ

கம்பெனியின் பதினைந்தாம் ஆண்டுக்காக கேன்டீன் சுவரில் ஒரு போர்டு வைக்க முடிவானது. ஊரும் கம்பெனியும் கடந்துவந்த முக்கிய நாட்களை எழுதித் தரச் சொன்னார்கள். பட்டியல் என்றால் என்னிடம்தான் வரும். எழுதினேன். பென்னலூர்ப் பக்கம் வயலாக இருந்த இடத்தில் முதல் கல் வைத்தது. முதல் கார் ரேடியோ வெளியே போனது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மழையில் ஷிப்ட் பஸ் வராமல், உள்ளே இருந்தவர்களே தொடர்ந்து வேலை பார்த்தது. ஊரடங்கு முடிந்து கேட் திறந்த காலை. ஐந்தாவதாக, மூன்றாம் லைன் நின்ற நாள்.

"இது கொண்டாட்ட போர்டும்மா" என்று எச்.ஆர். சார் ஐந்தாவதை மட்டும் அடித்தார்.

அந்த லைனில்தான் அவள் இருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறை. நான் லைனின் கடைசி மேசையில் தரப் பரிசோதனை.

ஒரு மாடல் முடியும்போது, கடைசி பீஸின் மூடிக்கு உள்ளே லைன் ஆட்கள் எல்லோரும் மார்க்கரால் கையெழுத்துப் போடுவார்கள். அதை விற்பதில்லை, நினைவாக வைத்துக்கொள்வோம். லைன் நின்ற அன்று அது மற்ற பீஸ்களோடு என் மேசைக்கு வந்தது. திறந்தேன். உள்ளே மை. செக் ஷீட்டில் இருப்பது: உட்புறக் கறை, நிராகரி. கை தானாகச் சிவப்பு டேக் கட்டிப் பெட்டியில் போட்டது. ஸ்க்ராப் வண்டி போன பிறகுதான் அது கையெழுத்துப் போட்ட பீஸ் என்று எனக்கு உறைத்தது.

அவள் சிரித்தாள். "என்னக்கா, எங்களையும் ரிஜெக்ட் பண்ணிட்டியளா?"

அந்த வாரமே கான்ட்ராக்ட் முடிந்து போய்விட்டாள். அவள் படுத்த பக்கம் நான் இன்னும் பாய் விரிப்பதில்லை.

அதனால் அந்த வரியை விட மனமில்லை. நின்றதைச் சொல்லாமல் ஓடியதை எழுதினேன்: 'மூன்றாம் லைன், பதினொரு பேர், ஒரு நாளும் டார்கெட் தவறவில்லை.' சார் தலையாட்டினார். போர்டு மாட்டியதும் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். மன்னிப்பு என்று எதுவும் எழுத வரவில்லை. இரண்டு நாள் கழித்து வாய்ஸ் நோட் வந்தது.

"பதினொண்ணுன்னு போட்டிருக்கியள. ஒங்களச் சேத்தா பன்னெண்டுல்லாக்கா."

அவள் குரலுக்குப் பின்னால் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன். கடைசியில், சாப்ட்டியா என்று மட்டும் அனுப்பியிருக்கிறேன்.